பிரிக்காத பெட்டி

வீடியோ கேம் கடையின் கண்ணாடி அலமாரியில் கேம் கருவி அடைத்த ஒரு புதுப்பெட்டி தன் கூட்டாளிகளோடு பத்து மாதமாக உட்கார்ந்திருந்தது. ஒரு குழந்தை தன்னைப் பிரித்து விளையாட வேண்டும், அவ்வளவுதான் அதன் ஆசை. யாரும் விலைகூடக் கேட்கவில்லை. கீழே மேசையில், வருகிறவர்கள் விளையாடிப் பார்க்க வைத்திருந்த டெமோ கருவிக்கு உடம்பெல்லாம் கீறல்.

தீபாவளி வாரம் வந்ததும் அலமாரி இரண்டே நாளில் காலியானது. கடைசியாக மிஞ்சிய அந்தப் பெட்டிக்கு இரண்டு அப்பாக்கள் மல்லுக்கு நின்றார்கள்.

"பாத்தீங்களாண்ணே, எனக்காக அடிச்சுக்கறாங்க! உங்களைத்தான் யாரும் வாங்கவே மாட்டேங்கறாங்க," என்றது பெட்டி.

"சரி, போயிட்டு வாடா ராஜா," என்றது டெமோ.

"போறேன். வரமாட்டேன்."

அடுத்த தீபாவளிக்கு, பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கும் சலுகை போட்டார்கள். சண்டையில் ஜெயித்த அப்பா அதே பெட்டியோடு வந்தார்.

"அரைப் பரீட்சை முடியட்டும், முழுப் பரீட்சை முடியட்டும்னு பீரோ மேலேயே வெச்சிருந்தோம். அதுக்குள்ள புது மாடல் வந்துட்டுதாமே?"

புதியதை வாங்கிக்கொண்டு அவர் வேகமாகப் போனார். பழைய பெட்டியை டெமோவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதன் மேல் ஒட்டியிருந்த டேப்கூடக் கிழியவில்லை. "வாடா ராஜா," என்றது டெமோ.

பெட்டி மெல்லக் கேட்டது. "அண்ணே, பிள்ளைங்க விரல் பட்டா எப்படி இருக்கும்?"

டெமோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் இரண்டு சிறுமிகள் ஓடிவந்து, "நான்தான் முதல்ல!" என்று அதைப் பிடித்து இழுத்தார்கள்.