டிம்ப்னா எழவில்லை

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஞாயிறு மதியம். மதுக்கடை ஜன்னலுக்கு வெளியே பிரிட்டிஷ் பட்டாளத்து வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. மேசைமேல் கோப்பைகள் மெல்ல நடுங்குகின்றன. உள்ளே மலாக்கி, போன மாதம் அந்தப் பட்டாளம் சுட்டுக் கொன்ற ஃபெர்கலின் மேல் தான் கட்டிய பாட்டைப் பாடுகிறான். பிரிட்டிஷ்காரனை எதிர்த்து மாண்டவனைப் பாடும்போது எழுந்து நிற்பது எங்கள் வழக்கம், கண்ணுகளா. ஃபெர்கலின் தாய் டிம்ப்னா மட்டும் உட்கார்ந்தே இருக்கிறாள். மலாக்கி பாட்டை நிறுத்துகிறான்.

"எந்திரிங்க டிம்ப்னாக்கா. உங்க பிள்ளை சிரிச்சுக்கிட்டே செத்தான்னு பாடுறேன், இதுக்கு மேல என்ன வேணும்?"

"சிரிக்கலைடா. 'அம்மா, குளிருது'ன்னு சொல்லி என் மடியிலதான் செத்தான். அதைப் பாடு, எந்திரிக்கிறேன்."

எவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போது, அவள் நாற்காலியின் முதுகைப் பற்றியபடி நிற்கும், அவளுக்கு மிச்சமுள்ள ஒரே மகன் ஓவன், பாட்டை விட்ட இடத்திலிருந்து உரக்க எடுக்கிறான்: "சிரித்துக்கொண்டே செத்தான்."