சிவப்புத் தாள்

மஞ்சள் நீரில் ஊறிய சிவப்புத் தாள் கையோடு உரிந்து வந்துவிட்டது.

கடைக்காரர் ஒட்டிய ஏதோ என்று நினைத்து, அவள் அதைக் கசக்கிக் குப்பையில் போட்டாள்.

பிறகு கருணைத் தாய் குவான் யின் சிலையின் முகத்தைத் துண்டால் ஒற்றினாள். நெற்றியில் குங்குமம் வைத்தாள். புதிதாகச் சாமி வந்தால் முதலில் குளிப்பாட்ட வேண்டும். அவள் பிறந்த வீட்டு வழக்கம் அது. சீனச் சாமி என்றால் மட்டும் அழுக்கோடு மேடை ஏறலாமா என்ன?

ஈப்போ நகரக் கடையில் சிலையைத் தேர்ந்தெடுக்கவே காலைப்பொழுது முழுவதும் போயிருந்தது. பெண் பார்க்க வந்த மாமியார் போல ஒவ்வொன்றுக்கும் நொட்டை சொன்னாள். ஒன்றுக்குத் தாடை பெரிது. இன்னொன்று யார் மீதோ கோபமாக இருந்தது. கடைசியில் இந்தப் பீங்கான் சிலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண்களை மறைத்துச் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. மடியில் வைத்தபோது கனம் சரியாக இருந்தது.

அவள் கணவர் சீனர். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்ததால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. அழுகிறவர்கள் குரலை இந்தத் தாய் கேட்பாள் என்று அவர்தான் சொன்னார். வீட்டில் இவள் அழுவதைக் கேட்க அவருக்குத் தெம்பு தீர்ந்துவிட்டது.

ஆறு பெருகிய அன்று மகள் கயல் போனாள்.

முதலாம் வகுப்பு.

செருப்பு கிடைத்தது. பிள்ளை கிடைக்கவில்லை.

மாலையில் கணவர் வேலை முடிந்து வந்தார். மேடையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கண்ணுல இருந்த தாள் எங்க?"

குளிப்பாட்டியதைச் சொன்னாள். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

அவர் திட்டவில்லை. உட்கார்ந்து, மெதுவாகத்தான் சொன்னார். அந்தத் தாளைப் பிக்கு வந்து, மந்திரம் ஓதி, தன் கையால் எடுக்க வேண்டுமாம். அப்போதுதான் தாய் உள்ளே வருவாளாம். அதுவரை சிலை ஆள் இல்லாத வீடு. கண்ணை முன்னாலேயே திறந்துவிட்டால், வீடு திறந்து கிடக்கிற மாதிரிதான்.

"போக்கிடம் இல்லாம அலையிறது ஏதாச்சும் உள்ள வந்து உக்காந்துரும். பிக்குவ வரச்சொல்லி விரட்டணும்."

கைப்பேசியை எடுத்து எண்ணைத் தேடினார்.

அவள் மேடைப் பக்கம் திரும்பினாள். வெள்ளைப் பீங்கான் கண்கள் கீழ்நோக்கிப் பார்த்தன. அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் அவள் முகம்தான் தெரியும்.

பயம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு ஆசை வந்தது.

சமையலறைக்குப் போனாள். டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. கரண்டிச் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது கையில் கயலின் குவளை நிறையச் சூடான மைலோ இருந்தது. சிலை முன்னால் நின்று அதை ஊதினாள். விரல் நுனியால் சூடு பார்த்தாள். மறுபடி ஊதினாள்.

ஆறியதும் வைத்தாள்.

கைப்பேசியில் பிக்குவின் குரல் வந்துவிட்டது. யார், என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

கணவர் குவளையைப் பார்த்தார்.

அழைப்பைத் துண்டித்தார்.

எழுந்து போய், தெருக்கதவை ஓசைப்படாமல் சாத்தித் தாழிட்டார்.