நீலச் சட்டை

பெண் பார்க்க வந்த அன்று, வடிவழகியின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவிட்டாள் அம்மா. கூடத்தில் மனிதர்கள் வெறும் நிறங்களாய் உட்கார்ந்திருந்தார்கள். காப்பித் தட்டோடு அவள் தயங்கி நிற்க, "பாத்து வாங்க, படி இருக்கு" என்றது ஒரு நீலச் சட்டை. அதுதான் மாப்பிள்ளை என்று நினைத்துச் சம்மதம் சொன்னாள். மணமேடையிலும் கண்ணாடி கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் வாயே திறக்கவில்லை. மறுநாள் கண்ணாடியோடு வாசலுக்கு வந்தபோது, "போயிட்டு வரேன் அண்ணி" என்றது அதே குரல். கணவனின் தம்பி.

பதினோரு வருடங்களாக, கணவனுக்குக் காப்பி கொண்டுபோகும்முன் கண்ணாடியைக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்துவிடுகிறாள். இன்றுதான் அவன் கேட்டான்:

"ஏன் எப்பவும் கழட்டிட்டு வர்ற?"

"ஆவி படியுதுங்க."

ஆறிப்போயிருந்த காப்பியை அவன் ஒரே மடக்கில் குடித்தான்.