சுவரின் ருசி

பெனிட்டா வாழ்க்கைப்பட்டு வந்தது சென்னையில் மிச்சமிருந்த கடைசி சிமெண்டுக் குடியிருப்புக்கு. நினைவுச்சின்னம் என்பதால் அங்கே ஆணி அடிக்கக்கூட அனுமதி வேண்டும். மழைக்கு முன்னால் சுவர்களுக்கு மருந்து அடித்தார்கள். அது விரிசலைத் தேடிப் போய்க் கல்லாக இறுகிவிடும்.

வயிற்றில் பிள்ளை வந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஈரச் சுவரின் வாசனைக்குத்தான் நாக்கு ஊறியது. கணவனுக்குத் தெரியாமல் ஜன்னலோரத்தில் சுரண்டித் தின்றாள். சுரண்டிய குழி மறுநாளே தானாக மூடிக்கொண்டதால் பயமில்லாமல் தின்றாள்.

ஏழாம் மாதத்தில் சுவரைச் சோதிக்க, மருந்து அடிப்பவர்களில் ஒருவனான நசீர் வந்தான். அவன் விளக்கை அடித்ததும் மருந்து ஏறிய இடமெல்லாம் நீலமாக ஒளிர்ந்தது. வெளிச்சம் தற்செயலாக அவள்மேல் விழுந்தபோது அவன் கை அப்படியே நின்றுவிட்டது. அவளுடைய நகங்களும் பற்களும் நீலமாக ஒளிர்ந்தன.

"சுவத்தத் தின்னீங்களாக்கா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆசையா இருந்துச்சுப்பா. அவருகிட்ட சொல்லிடாத."

"அத விடுங்கக்கா. புள்ள அசையுதா?"

அசையுது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். இரண்டு கைகளாலும் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். இடம் மாற்றி மறுபடியும் அழுத்தினாள்.

"நேத்து அசைஞ்சுதே," என்றாள்.