ஒரு லிட்டர் தண்ணீர்

“முதல்ல நீங்க குடிச்சுக் காட்டுங்க. அப்புறம் நாங்க குடிக்கிறோம்!”

பேக்கரிக்காரர் எழுந்து நின்று கத்தியதும் அரங்கமே கைதட்டியது.

சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து குடிநீர்க் குழாயில் விடப்போகிறார்கள். அதை ஊர் மக்களுக்கு விளக்கத்தான் இந்தக் கூட்டம். மேடையில் இரண்டே பேர். ஒருத்தி, சுத்திகரிப்பு நிலையத்தின் இன்ஜினியர். பக்கத்தில், அங்கே ஒரு வருஷமாகச் சோதனை ஓட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆபரேட்டர்.

இன்ஜினியருக்கு உள்ளுக்குள் சிரிப்பு. இவ்வளவுதானா? ஆபரேட்டர் தினமும் காலையில் சுத்திகரித்த தண்ணீர்த் தொட்டியின் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் குடிப்பதை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள்.

மேஜை மேல் அதே தண்ணீர் நிரப்பி வைத்திருந்த ஒரு லிட்டர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“குடிங்கண்ணே.”

அவர் மூடியைத் திறந்தார்.

“சும்மா ஒரு வாய் நனைச்சுட்டு ஏமாத்தக் கூடாது. முழு பாட்டிலும் காலியாகணும்!” பேக்கரிக்காரர் விடவில்லை.

முன்வரிசையில் ஒரு கர்ப்பிணிப் பெண். “அண்ணே, நீங்க குடிச்சா நானும் குடிக்கிறேன். கேன் தண்ணி வாங்கிக் கட்டுப்படியாகல. ஆனா வயித்துல இருக்கிறதை நினைச்சா பயமா இருக்கு” என்றாள்.

ஆபரேட்டர் அவளைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மூடியை மறுபடி திருகி மூடி, மேஜை மேலேயே வைத்துவிட்டார்.

“என்னால முடியாதும்மா.”

அவ்வளவுதான்.

“பார்த்தீங்களா! சுத்தம் பண்றவரே குடிக்க மாட்டேங்கறார்!”

நாற்காலிகள் கவிழ்ந்தன. யாரோ வீடியோ எடுத்தார்கள். கர்ப்பிணிப் பெண் மேடையில் இருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாட்டில் அவர்களுக்கு நடுவே அப்படியே இருந்தது. எழுந்து போய்விட்டாள்.

இருவரும் பிளான்ட்டுக்குத் திரும்பினார்கள். கன்ட்ரோல் ரூம் கதவைச் சாத்தியதும் இன்ஜினியர் வெடித்தாள்.

“தினம் குடிக்கிறீங்களே, அதெல்லாம் நடிப்பா? இல்ல, எனக்குத் தெரியாம தண்ணியில ஏதாவது கோளாறா?”

“தண்ணியில ஒரு குறையும் இல்ல மேடம்.”

“யாராவது மிரட்டினாங்களா?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல.”

“பின்னே என்னதான்? எனக்கு ஒண்ணுமே பிடிபடல. ஒரு வருஷ உழைப்பை ஒரு நொடியில கவுத்துட்டீங்களே!”

அதற்குள் அவர் போன் அடித்தது. சம்பந்தி. அந்தப் பக்கக் குரல் வெளியே கேட்டது. “வீடியோ பார்த்தோம். எங்களுக்கெல்லாம் அமிர்தம்னு சொன்னீங்க. நீங்க குடிக்க மாட்டீங்களா?”

“அப்புறம் பேசறேன் சம்பந்தி” என்று வைத்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். டாக்டர் சீட்டு.

அவள் இரண்டு முறை படித்தாள்.

“கிட்னியா? எப்பலேர்ந்து?”

“இந்த பிளான்ட் வர்றதுக்கு முன்னாடியே மேடம். சர்க்கரை குடுத்த சீதனம். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல தண்ணி கூடாது. அந்த முக்கால் லிட்டரும் நம்ம தண்ணிதான். இன்னிக்கான பங்கு மதியமே முடிஞ்சு போச்சு. போன தடவை தாகம் தாங்காம கூடக் குடிச்சு, நெஞ்சுல நீர் கோத்து, நாலு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன்.”

“இதை அங்கேயே மைக்ல சொல்லியிருக்கலாமே! யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாங்க.”

“சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தேன். ‘இந்தத் தண்ணியைக் குடிச்சவனுக்குக் கிட்னி போச்சு’ன்னுதான் அவ காதுல விழும். வியாதி முன்னாடி வந்ததா, பின்னாடி வந்ததான்னு யார் கேட்கப் போறா? அந்தப் பேர் ஒரு தடவை வந்துட்டா, எத்தனை பேர் குடிச்சுக் காட்டினாலும் போகாது. அதுக்கு என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிட்டுப் போகட்டும். வேற ஒருத்தர் குடிச்சுட்டா அது சரியாயிடும்.”

இன்ஜினியர் சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அதை வாங்கிக்கொண்டவர் சற்றுத் தயங்கினார். குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார்.

“எனக்கும் ஒண்ணு மட்டும் புரியல மேடம். நான் மூடி வச்ச பாட்டில் உங்க கைக்கு எட்டற தூரத்துலதானே இருந்துச்சு... நீங்க ஏன் குடிக்கல?”