பதினோராவது பொருள்

ஐந்து டிக்கெட்டையும் இரவு எட்டரை விமானத்துக்கே போட்டாள்.

நான்கரைக்கும் ஒன்று இருந்தது. இடமும் இருந்தது. அவள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

அரிய நோய்களுக்கான ஆலோசனைக் குழுவில் அவள் உதவியாளர். அழைப்புக் கடிதம், டிக்கெட், தேநீர், கூட்டக் குறிப்பு எல்லாம் அவள் தலையில். வாயைத் திறப்பது மட்டும் அவள் வேலை இல்லை.

இதுவரை மூன்று கூட்டங்கள். மூன்றிலும் நிகழ்ச்சி நிரலின் பதினோராவது பொருள் ஒன்றேதான்: பிள்ளைகளின் தசையைக் கரைக்கும் ஒரு நோயை அரசு உதவிப் பட்டியலில் சேர்ப்பது. மூன்றிலும் இரண்டரை மணிக்கு வெளியூர் மருத்துவர்கள் ஐவரும் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். ஐவர் எழுந்தால் கோரம் இல்லை; முடிவெடுக்க ஆள் போதாது.

'நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது.'

அந்த வரியை அடித்த விரல்கள் அவளுடையவை. அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பெற்றோர் சார்பில் உறுப்பினர் செண்பகவல்லி. எப்போதும் மகளோடு வருவார். முதல் கூட்டத்துக்கு அந்தச் சிறுமி நடந்து வந்தாள். அடுத்ததற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மூன்றாவதற்குச் சக்கர நாற்காலியில். அது நுழைவதற்காக வாசல் பூந்தொட்டியை இவள்தான் நகர்த்தினாள்.

இன்றும் காலையிலேயே நகர்த்தி வைத்திருந்தாள்.

செண்பகவல்லி தனியாக வந்தார்.

தொட்டி நகர்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாப்பா போயிட்டா மேடம். எங்க குரூப்புல இன்னும் பதினேழு புள்ளைங்க இருக்காங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய், தன் பெயர்ப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

இவள் தேநீருக்குச் சொல்லப் போனாள்.

திரும்பும் டிக்கெட்டைச் சாப்பாட்டுக்குப் பிறகு உறையில் போட்டுக் கொடுப்பது அங்கே வழக்கம். கொடுத்தாள்.

மூத்த மருத்துவர் உறையைப் பிரித்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, நாலரை ஃப்ளைட் என்னாச்சு?"

"இடம் இல்லைங்க சார்."

பத்து வருட உத்தியோகத்தில் அவள் சொன்ன முதல் பொய். நாக்கு குழறவே இல்லை.

இரண்டரை ஆயிற்று. பெட்டிகள் மேசைக்கடியிலேயே இருந்தன.

மூன்று மணிக்குத் தலைவர் தாளைப் புரட்டினார். "பதினொண்ணு."

செண்பகவல்லி எழுந்தார்.

இவள் கணினியைப் பார்த்தாள். போன கூட்டத்துக் குறிப்பைப் படியெடுத்துத்தான் திறந்திருந்தாள். பதினொன்றுக்கு நேரே அந்த வரி அப்படியே இருந்தது.

ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

காலியான இடத்தில் துடிக்கும் கோட்டைப் பார்த்தபடி, விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டாள்.