சர்க்கரையின் பங்காளி

ஒரே கரும்பில் பிறந்த சர்க்கரையும் கழிவுப்பாகும் ஆலைக்குள் கட்டிப்பிடித்தபடியே வந்தன. அவற்றைப் பிரிக்கவென்றே அங்கே ஒரு இயந்திரம் இருந்தது. சுற்றிலும் பொடி ஓட்டை போட்ட பெரிய தொட்டி அது. அதை ஓட்டுகிற கலியமூர்த்தி இரண்டையும் உள்ளே விட்டு விசையைத் தட்டினார்.

தொட்டி சுழலத் தொடங்கியது.

"பங்காளி, என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்க!" என்று அலறியது பாகு.

"தள்ளி நில்லு. உன் கறுப்பு என் மேல ஒட்டுது," என்றது சர்க்கரை.

"ஒரே கரும்புல பொறந்தோமேடா!"

"அதை ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாத."

தொட்டி வேகமெடுத்து இரண்டையும் சுவரோடு அறைந்தது. பாகு ஓட்டைகளின் வழியே வெளியே தெறித்தது. ஓட்டைக்குள் நுழைய முடியாத சர்க்கரை உள்ளேயே நின்றது. மேலே தண்ணீர் தெளித்ததும் பளிச்சென்று வெளுத்துப்போனது. "எங்க பரம்பரையே வெள்ளைதான்," என்று பக்கத்துச் சர்க்கரைத் துகளிடம் சொல்லிக்கொண்டது.

பிறகு சர்க்கரை டீக்கடைக்குப் போனது. பாகு சாராய ஆலைக்குப் போய்ச் சாராயமானது.

ஒரு சாயங்காலம் சர்க்கரை டீயில் கரைந்து ஒருவரின் வயிற்றுக்குள் இறங்கியது. அங்கே ஏற்கெனவே யாரோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"வா பங்காளி! நாம இப்ப கலியமூர்த்தி வயித்துக்குள்ள இருக்கோம்!" என்றது சாராயம்.

சர்க்கரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, போதையில் கலியமூர்த்தி தள்ளாடினார். வயிறு கிறுகிறுவென்று சுழன்றது.

"இங்க நம்மள யாரும் பார்க்கலையே?" என்று கேட்டுவிட்டு, சர்க்கரை பாய்ந்துபோய்ப் பங்காளியைக் கட்டிக்கொண்டது.